யஸ்த் நகரத்து ஆல்பமும் என் இரண்டு 'வேண்டாம்'களும்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைக் கேட்காதவர்களிடமும் சொல்வேன். இத்தாலியின் பலேர்மோ நகரத்துப் பிரான்காச்சோ பகுதியிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படித்து, கடைசி வருட ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட ஊர் யஸ்த். ஈரானின் நடுவே, பாலைவனத்து ஓரத்தில் பாரசீகம் பேசிக்கொண்டு இருக்கும் ஊர்.

"எங்கடை ஊர் மன்னாரைப் பற்றி எழுதினாலும் ஒரு ஞாயம் இருக்கு," என்றார் அம்மா.

யஸ்தில் போலவே பலேர்மோவுக்குக் கீழேயும் பாரசீக முறையில் வெட்டிய நீர்ச்சுரங்கங்கள் இருக்கின்றன என்று விளக்கினேன்.

"அப்ப எங்கடை பைப்பிலை ஏன் தண்ணி வாறேல்லை?"

யஸ்தின் குணம் எனக்குப் பிடித்திருந்தது. வெளியே பார்த்தால் மண்சுவரும் ஒடுங்கிய சந்தும்தான். மாதுளை மரமெல்லாம் சுவருக்கு உள்ளே. தண்ணீர் மலையிலிருந்து நிலத்துக்கு அடியால் ஒளித்து வருகிறது. காற்றைக்கூடக் கோபுரம் கட்டிப் பிடித்து வீட்டுக்குள் இறக்கிவிடுகிறார்கள். பட்டு நெய்து விற்று, சொராஸ்திரியரின் அணையாத அக்கினியையும் பள்ளிவாசல்களையும் ஒரே ஊரில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் பல நூற்றாண்டுகளைத் தள்ளியிருக்கிறது.

என் பேராசிரியைக்கு இது போதவில்லை. "புத்தகத்தில் இருப்பதை நானும் படித்திருக்கிறேன். இல்லாததைக் கொண்டு வா. இல்லையென்றால் இந்தத் தவணையில் பட்டம் கிடையாது."

இல்லாதது அம்மா வேலை செய்யும் வீட்டு அலுமாரியில் இருந்தது. அந்த வீட்டுக்கார அம்மாள், நாங்கள் சொல்லும் சின்யோரா, யஸ்தில் பிறந்து, பலேர்மோக்காரரைக் கட்டி இங்கே வந்தவர். அவருடைய தகப்பன் நீர்ச்சுரங்கம் துப்புரவாக்கும் ஆட்களுக்கு மேற்பார்வையாளர். கையில் எப்போதும் கமரா. ஒரு ஆல்பம் நிறையப் படங்கள். அது கிடைத்தால் என் மூன்றாம் அத்தியாயம் எழுந்து நிற்கும்.

ஆயத்தத்தோடுதான் போனேன். பாரசீகர்களிடம் தாறோஃப் என்றொரு மரியாதை உண்டு என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். ஒன்றைத் தந்தால் உடனே வாங்கக்கூடாது. இரண்டு முறை மறுக்க வேண்டும். மூன்றாம் முறையும் வற்புறுத்தினால்தான் மனதாரத் தருகிறார்கள் என்று அர்த்தம். எனக்கு இது புதிதா? எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் "இப்பதான் குடிச்சனான்" என்பார்கள். அம்மா அதைக் காதில் விழுத்தாமல் தேத்தண்ணி ஊற்றுவார்.

சின்யோரா படங்களைக் காட்டி முடித்து, "கொண்டு போ, உன்னுடையது," என்றார்.

"ஐயோ வேண்டாம், சின்யோரா."

"உன் படிப்புக்குத்தானே?"

"வேண்டவே வேண்டாம்."

மூன்றாவதற்காக முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். சின்யோரா ஆல்பத்தை மூடினார், அலுமாரிக்குள் வைத்தார், பூட்டினார். "பிஸ்தா கேக் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் உடனே தலையாட்டிவிட்டேன்.

அடுத்த நாள் அம்மா வேலை முடிந்து கோபத்தோடு வந்தார். "அந்தப் படங்கள் உனக்குப் பிடிக்கேல்லையாம். செத்த தகப்பன்ரை படங்கள். மனிசி மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியுது. என்னடி சொன்னனீ?"

"வேண்டாம் எண்டன்."

"ஏன்?"

"வேணும் எண்டபடியால்."

"இதுக்கோ நான் உன்னைப் படிப்பிச்சனான்?"

மறுநாள் அம்மாவோடு போய், அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டிச் சின்யோராவுக்கு எல்லாம் விளக்கினேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அங்கே ஒரு கோப்பை தேநீரை அரை மணி நேரம் மறுப்போம். அதிலிருந்து தப்பித்தான் நான் கடல் தாண்டி வந்தேன். நீ அதைப் படித்துப் பாடமாக்கி என் வீட்டுக்கே கொண்டு வந்திருக்கிறாய்!" ஆல்பத்தை வெளியே எடுத்தார். "வேண்டுமா, வேண்டாமா?"

படித்த புத்தி விடவில்லை. "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்..." என்று தொடங்கினேன்.

குசினிக்குள் கூட்டிக்கொண்டிருந்த அம்மா தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தார். கையைச் சட்டையில் துடைத்தார். ஆல்பத்தைச் சின்யோராவின் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்தார்.

"கிராட்சியே," என்று நன்றி சொன்னார்.

"பிரேகோ," என்றார் சின்யோரா.

திரும்பும்போது பஸ்ஸில், பாரமாக இருக்கும், பையை நான் வைத்திருக்கிறேன் என்று கையை நீட்டினேன். அம்மா அதை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"வேண்டாம். நீ திருப்பிக் குடுத்துப்போடுவாய்."