கையெழுத்துப் போட வந்தவள்

நான்கு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, கடலூர் முகத்துவாரத்தில் எங்கள் பைபர் படகு கவிழ்ந்தது. நான்கு பேர் இருந்தோம். மூன்று பேர் கரையேறினோம். ஏறாதவன் பிரகாஷ். எனக்கென்று இருந்த ஒரே சிநேகிதன் அவன்தான்.

என் பெயர் எட்வின். முதுநகர் சபையில் கடைசி வரிசையில் உட்காருகிறவன். எனக்குப் பேசவும் வராது, எழுதவும் அவ்வளவாக வராது. ஆனாலும் கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் அது நன்றி கெட்டதனம். அதனால் எழுதுகிறேன்.

சிறு வயதிலிருந்தே எனக்குத் தூரப் பார்வை இல்லை. அது யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. கரும்பலகையில் எழுதுவது எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் புகையாகத் தெரியும் என்று நினைத்தேன். மற்றவர்கள் படிக்கிறார்கள், என்னால் முடியவில்லை, அப்படியானால் நான் மக்கு. வாத்தியார்களும் அதையே சொன்னார்கள். ஒன்பதாம் வகுப்பில் பாதியில் பையை வீட்டில் வைத்துவிட்டு ரயில் ஏறினேன். மங்களூரில் பேக்கரி, கர்நாடகாவில் போர்வெல் வண்டி, ஆந்திராவில் செங்கல் சூளை. ஒரு ஊரில் எட்டு மாதம் தங்கினால் அதிகம். அப்பா அம்மா ஒருவர்பின் ஒருவராகப் போனார்கள். இரண்டு முறையும் அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தேன்.

பத்தொன்பது வயதில் கடலூர் திரும்பியபோது பிரகாஷ் படகில் வேலை வாங்கிக் கொடுத்தான். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில், "இன்னா பஸ்ஸுடா வருது?" என்று கேட்டான். பஸ் பக்கத்தில் வந்து நின்ற பிறகு சொன்னேன். அவன் என்னையே பார்த்தான்.

"மச்சான், ஒன்ன எல்லாரும் படிக்காதவன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நீ படிக்காதவன் இல்லடா, குருடன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மஞ்சக்குப்பத்தில் நடந்த இலவச கண் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனான். முதல்முறை கண்ணாடி போட்டு வெளியே வந்தபோது மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைப் பார்த்தேன். சாலையோரம் உட்கார்ந்து அழுதேன். அவன் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றான்.

படகு கவிழ்ந்த அன்று முதல் அலையிலேயே என் கண்ணாடி போய்விட்டது. ஒரு காலி பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தேன். சுற்றிலும் வெள்ளையும் சாம்பலுமாக ஏதோ அசைகிறது. எது அலை, எது படகு, எது தலை என்று தெரியவில்லை. பிரகாஷின் குரல் மட்டும் கேட்டது. பக்கத்தில்தான் இருந்தான். அவன் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. கையை நீட்டினேன். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு குரல் இல்லை. இரண்டாம் நாள் தெற்கே ஒரு குப்பத்தில் அவன் உடல் ஒதுங்கியது.

அவன் கடைசியாகச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் மனைவி ரோசியின் முகத்தைப் பார்க்கவும் துணிவில்லை. அடக்கம் முடிந்த பத்தாம் நாள் மறுபடியும் ரயில் ஏறிவிட்டேன். எங்கே போனாலும் எனக்குள் ஒரே எண்ணம்தான். என் கண் நன்றாக இருந்திருந்தால் அவனைப் பிடித்திருப்பேன்.

போன வருடத் தொடக்கத்தில் திரும்பி வந்தேன். சபையில் ஒருவர் தன் மகளுக்கு லேசர் சிகிச்சை செய்து கண்ணாடி இல்லாமல் ஆனதைச் சொன்னார். அன்றே முடிவு செய்தேன். இனி ஒருபோதும் கண்ணாடி விழுந்தால் குருடனாகிற மனிதனாக இருக்கக் கூடாது. உபவாசம் இருந்தேன். கர்த்தர் செய்வார் என்று நிச்சயம் வந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நடக்கப் போகிற அற்புதத்துக்கு முன்கூட்டியே எழுந்து நின்று நன்றி சொல்வோம். விசுவாச சாட்சி என்போம். நானும் மைக்கைப் பிடித்தேன். "கர்த்தர் என் கண்ணைச் சுகமாக்கிவிட்டார், ஈஸ்டருக்குக் கண்ணாடி இல்லாமல் நிற்பேன்" என்று சொல்லி, போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாடி இல்லாததால் ஒருவர் முகமும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்ததும் பை பிடித்த சகோதரர் என் காதில் கேட்டார். "இன்னா எட்வின், சைக்கிள எப்பிடி ஓட்டிக்கிட்டுப் போவ?"

உருட்டிக்கொண்டுதான் போனேன். வீட்டில் கால் உடைந்த பழைய கண்ணாடி ஒன்று இருந்தது. நூல் கட்டி, வேலை செய்யும் இடத்தில் மட்டும் போட்டுக்கொண்டேன். சபைக்கு வரும்போது சட்டைப் பையில் ஒளித்துவைத்தேன்.

இதன் பிறகுதான் பரிசோதனைக்குப் போனேன். முறை தலைகீழ் என்று இப்போது தெரிகிறது. கடலூரிலேயே ஒரு கண் மருத்துவமனை. ஒரு அம்மா டாக்டர், பொறுமையானவர். இயந்திரத்தில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கண்ண ரொம்ப கசக்குவீங்களா?"

"உப்புத் தண்ணிங்க மேடம். அரிச்சா கசக்குவேன்."

"உங்க கருவிழி மெல்லிசா இருக்குப்பா. லேசர்ங்கறது அதச் செதுக்கறதுதான். ஏற்கெனவே மெல்லிசா இருக்கறதச் செதுக்கினா, நாளாக நாளாக முன்னால புடைச்சிக்கிட்டு வரும். அப்புறம் கண்ணாடி போட்டாலும் சரியா தெரியாது. வேணாம். இனிமே கசக்காதீங்க. வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்க."

கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கிற வேறு முறை பற்றியும் பார்த்தார். என் கண்ணில் அதற்கு இடம் போதாது என்றார்.

வாசலில் வெகுநேரம் நின்றேன். கர்த்தர் செய்துவிட்டார் என்று மைக்கில் சொன்னவன் நான். இப்போது கண்ணாடியோடு போய் நின்றால் கர்த்தரைப் பொய்யராக்கியவன் ஆவேன் என்று நினைத்தேன். அது கர்த்தரைப் பற்றிய பயம் என்று நம்பினேன். என் மானத்தைப் பற்றிய பயமும் அதில் இருந்தது.

வேறொரு ஊரில் இன்னொரு மருத்துவமனைக்குப் போனேன். முதல் டாக்டர் சொன்னதை அங்கே சொல்லவில்லை. அவர்களும் படம் எடுத்தார்கள். "எல்லையில இருக்கு. பண்ணலாம். பின்னால பிரச்சினை வந்தா உங்க பொறுப்புன்னு கையெழுத்து போடணும். கூட வர ஆளும் போடணும்" என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள்.

கூட வர எனக்கு யார் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எழுந்து, ஆபரேஷனுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மனதுக்குள் தனியாக ஜெபித்தேன். "ஆண்டவரே, எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஆள் வந்தால் செய்துகொள்கிறேன். வராவிட்டால் விட்டுவிடுகிறேன்."

மூன்று சகோதரர்கள் வருவதாகச் சொன்னார்கள். ஒருவருக்கு ஷிப்ட் மாறிவிட்டது. ஒருவர் மகளுக்குத் தேர்வு. மூன்றாமவர் போனையே எடுக்கவில்லை. இதுதான் பதில் என்று நினைத்திருந்தபோது ஒரு அழைப்பு வந்தது.

"அண்ணே, நா ரோசி பேசறேன். ஒனக்குக் கண்ணு ஆபரேஷனாமே. ஆளு இல்லன்னு பாஸ்டர் வூட்டம்மா சொல்லி நம்பரும் குடுத்தாங்க. நா வரேன்."

ஆள் வந்துவிட்டது. ஆனால் எந்த முகத்தைப் பார்க்க முடியாமல் மூன்று வருடம் ஊர் ஊராக ஓடினேனோ, அந்த முகம்.

அவளை நேராக மருத்துவமனைக்கு வரச் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு நாள் முன்பே கிளம்பினேன். அவள் தாய்வீடு காட்டுமன்னார்கோயில். சிதம்பரத்தில் இறங்கி டவுன் பஸ் மாற வேண்டும். நான்கு பஸ்களை விட்டேன். ஐந்தாவதன் நடத்துனர், "ஏறப் போறியா, இல்ல பஸ்ஸ எண்ணிக்கிட்டு இருக்கியா?" என்றார். ஏறினேன்.

ரோசி அரிசி மில் களத்தில் வேலையாக இருந்தாள். புழுங்கிய நெல்லை வெயிலில் பரப்பி, காலால் கோடு கோடாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தாள்.

"வாண்ணே. காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் கெடைக்க ஒனக்கு மூணு வருஷமா?"

நான் தலையைக் குனிந்தேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். "அந்தப் பையக் குடு. கையெழுத்து போடறவ பாக்க வேணாமா?" என்று மருத்துவமனைக் காகிதங்களை வாங்கினாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். விரல் வைத்து மெதுவாகப் படித்தாள். அடியில் நான் மறந்து வைத்திருந்த முதல் டாக்டரின் சீட்டும் இருந்தது.

"இதுல நாட் அட்வைஸ்டுன்னு போட்டிருக்கு. வேணாம்னுதானே அர்த்தம்?"

டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப எதுக்குப் பண்ணிக்கற?"

"அன்னைக்கு எனக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா அவனப் புடிச்சிருப்பேன்மா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூன்று வருடமாக அதற்குத்தான் பயந்தேன். அவள் சீட்டை மடித்து வைத்தாள்.

"மத்த ரெண்டு பேரும் அப்பவே வந்து எங்கிட்ட அழுதுட்டுப் போனாங்க. அவுங்க ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லாதான் இருக்கு. அவுங்களுக்கும் அவரத் தெரியல. அவ்ளோ அலையாம். நீ யாரையாவது கேட்டியா?"

நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதிக்கொண்டு ஓடிவிட்டேன்.

"அவரு குரலு ஒனக்கு மட்டும்தான் கேட்டுச்சாம், கரையேறினதும் நீயே பொலம்பினியாம், அவுங்க சொன்னாங்க. இன்னா சொன்னாருன்னு கேக்கணும்னு ஒனக்கு எத்தினி தடவ போன் போட்டேன் தெரியுமா? நம்பர மாத்திக்கிட்டே இருக்க. ஆஸ்பத்திரிக்கு வரேன்னு சொன்னதே அதுக்குத்தான்."

அப்போதுதான் சொன்னேன். அவன் குரலிலேயே சொல்ல வந்தது.

"'மச்சான், கண்ணாடி பூடுச்சா? கேன விட்டுடாத, அப்பிடியே இரு. நா வரேன்.' இதான்மா சொன்னான். எனக்குக் கண்ணு தெரியாதுன்னு என்னைத் தேடிக்கிட்டு வந்தான்மா. இல்லன்னா கரைக்கு நீந்தியிருப்பான்."

ரோசி எழுந்து களத்துக்குப் போனாள். காயும் நெல்லைக் கிளறாமல் விட முடியாது. ஒரு கோடு முடித்து அடுத்த கோடு, அது முடித்து அடுத்தது. நடந்துகொண்டே அழுதாள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். களம் முழுவதும் முடித்துவிட்டு வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"அவரு அப்பிடித்தான் சொல்லியிருப்பாரு" என்றாள். "நா கையெழுத்து போட மாட்டேண்ணே. ஒன்னக் காப்பாத்தணும்னு வந்தவரு அவரு. நீ போயி இருக்கற கண்ணையும் கெடுத்துக்கிட்டு நின்னா, நாளைக்கு அவரு மொகத்துல நா எப்பிடி முழிக்கறது?"

ஆள் வேண்டும் என்று கேட்டேன். ஆளை அனுப்பினார். எனக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவைப்படவில்லை. அங்கிருந்தே போன் போட்டு ஆபரேஷனை ரத்து செய்தேன்.

ஈஸ்டர் அன்று புதுக் கண்ணாடியோடு சபையில் எழுந்து நின்றேன். கர்த்தர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொன்னேன், மன்னியுங்கள் என்று கேட்டேன். கை தட்டல் இல்லை. என் விசுவாசம் குறைந்துபோனதாகச் சிலர் இன்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அன்றுதான் முதல்முறையாக மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் பார்த்தேன்.

துக்கம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பிரகாஷ் எனக்காக வந்தான் என்பது மாறாது. ஐப்பசியில் முகத்துவாரம் பக்கம் இன்னும் போக முடிவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் ரயில் ஏறவில்லை. துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை செய்கிறேன். கண்ணைக் கசக்குவதில்லை. மாதம் ஒருமுறை காட்டுமன்னார்கோயில் போகிறேன். பிரகாஷின் மகளுக்கு ஏழு வயது. அவளைப் பள்ளியில் சேர்த்தபோதே கண் பரிசோதனை செய்யவைத்தேன். அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று போன மாதம் அவளே கேட்டாள். ரோசி தலையசைத்தாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அன்பானவர்களே, நீங்களும் ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்திருக்கலாம். அவரிடம் கேளுங்கள். வெட்கமில்லாமல், பயமில்லாமல் கேளுங்கள். பதிலை முன்கூட்டியே நீங்களே எழுதிவிடாதீர்கள். என்னைப் போல ஓடிக்கொண்டிருக்கிறவனுக்கும் அவர் ஆள் அனுப்புகிறார். வந்து நிற்பவர், நீங்கள் பார்க்கவே கூடாது என்று நினைத்த ஒருவராக இருக்கலாம். கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுங்கள்.