கடலைக் கொல்லையைச் சுற்றிப் புடவைகள்

செஞ்சிக் கோட்டை மலையின் பின்புறம், சாலையோரக் கடலைக் கொல்லையைச் சுற்றிலும் புடவைகள் படபடக்கின்றன. துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தவன், இத்தனை புடவைகளா என்று வண்டியை நிறுத்துகிறேன்.

"பன்னிக்குக் கட்டினது சார்," என்கிறார் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கும் ஏழுமலை. மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றிகள் போன வருஷம் பாதிக் கடலையைக் கிண்டித் தின்றுவிட்டனவாம். "முன்னல்லாம் வலை கட்டிப் புடிப்போம். கறில மொதப் பங்கு நெலத்துக்காரருக்குன்னு வழக்கம். இப்ப கொன்னா ஃபாரஸ்ட்காரங்க புடிச்சிக்குவாங்க. நெலமும் பாயோடது. அவராண்ட போயி பன்னிக்கறிய நீட்ட முடியுமா?"

வரப்பில் உட்கார்ந்திருக்கும் நிலக்காரர் பஷீர் பாய் சிரிக்கிறார். "கரன்ட் வேலி போடலாம்னு நான்தான் சொன்னேன். அதுவும் சட்டப்படி தப்பாம். பள்ளிவாசல்ல தொழுக நடத்துற அஜரத்தக் கேட்டேன். 'திங்கறதுதான் ஹராம். அதுவும் அல்லா படைச்ச உசுருதான், வதைக்காம வெரட்டி வுடு'ன்னாரு."

அதற்குப் பிறகுதான் இரண்டு வீட்டுப் பழைய புடவைகளும் கொல்லைக்கு வந்திருக்கின்றன.

ஏழுமலை எங்களைக் கூட்டிப்போய் ஈர மண்ணில் புதுக் குளம்புத் தடங்களைக் காட்டுகிறார். நேராக வந்தவை ஒரு ரோஸ் புடவைக்கு முன்னால் திரும்பி ஓடியிருக்கின்றன. "பாருங்க பாய், ஒரு செடி போவல!"

பாய் செடியைப் பார்க்கவில்லை. புடவையின் ஜரிகையைத் தடவிப் பார்க்கிறார்.

"ஏழுமல, பெருநாளுக்கு எடுத்த பொடவையக் காணோம்னு காலைலேர்ந்து வூட்ல தேடினு இருக்காங்கடா. பழைய பொடவ மூட்டையோட இதையும் தூக்கினு வந்துட்டேன் போலருக்குது. நீயும் கூட வா, தனியா போவ பயமா இருக்குது."