விற்றுவிட்ட பனி வண்டி

2009 பெப்ரவரி இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. இரவு முழுக்கப் பனி கொட்டியதில் லண்டனில் பஸ் எதுவும் ஓடவில்லை. ஹவுன்ஸ்லோவில் பஸ் தரிப்பிடத்தில் என்னோடு நின்றவர் நோர்வேயிலிருந்து புதிதாக வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துக்காரர். நெடிய மனிதர். பேசும்போது சப்பாத்து முனையால் பனியை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த அவருடைய மனைவிக்கு அன்று காலை ஒப்பரேஷன்.

"அவவுக்கு இங்கிலீஷ் வராது அண்ணை. டொக்டர் கேக்கிறதுக்கு நான்தான் பக்கத்தில நிண்டு மறுமொழி சொல்லவேணும்."

நோர்வேயில் அவர் பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில்தான் வேலைக்குப் போய் வந்தாராம். முதல் வண்டி நல்ல பாரம், மேடு ஏறாது என்று அதை விற்றுவிட்டு, வேறொரு கொம்பனியின் மலை வண்டியை வாங்கியிருக்கிறார்.

"இடுப்பளவு பனியிலயும் மிதந்து ஏறும் அண்ணை. சும்மா இறகு மாதிரி."

"அது இப்ப இருந்தா பறந்திருப்பியள்," என்றேன்.

"ஏலாது. அது கிளப்பி எறியிற பனிதான் அதின்ர எஞ்சினைக் குளிராக்கிறது. இந்த நாலு விரல் பனியில கொதிச்சு நிண்டிடும். பழையதுக்கு உள்ளுக்கு ஃபேன் இருந்தது. அது போயிருக்கும். அதைத்தானே வித்துப்போட்டன்!"

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போது அவருடைய போன் அடித்தது. மனைவி.

"ஓம், ஓம். கிட்ட வந்திட்டன். ஒண்டுக்கும் தலையாட்டிப் போடாதையும்."

போனை வைத்துவிட்டு வெறும் சாலையின் நடுவே நடக்கத் தொடங்கினார். அவர் போய்ச் சேருமுன் அந்தப் பெண் எதெதற்குத் தலையாட்டியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன்.