கரண்ட் இல்லாமல் ஒரு டேங்க் தண்ணீர்

2025 நவம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். காபி குடித்து, வேட்டிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, திருத்தணி பஸ் நிலையத்தில் ஆர்.கே.பேட்டை டவுன் பஸ் ஏறினேன். ஞாயிறுதோறும் அக்கா ஊருக்குப் போவது வழக்கம். இந்த ஞாயிறு கால் தரையில் நிற்கவில்லை.

போன வருட மழையில் ஏரி நிரம்பித் தரைப்பாலம் மூழ்கியபோது, ஊரையே திருத்தணிக்கு அழைத்துவந்து கல்யாண மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அக்கா வரவில்லை. கறவை மாடுகள் இரண்டையும் விட்டு வரமாட்டேன் என்று முழங்கால் தண்ணீரில் அவற்றோடு நின்றாள். இந்த வருடம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே தங்க அனுமதி கேட்டிருந்தோம். மேட்டுக் கட்டடம், பின்னால் மாடு கட்ட இடம் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் கேட்டது ஒன்றுதான்: கரண்ட் போனால் குடிதண்ணீர் எங்கே? செய்துகாட்டினால் எழுதி அனுப்புவதாகச் சொன்னார்.

அரிசி, கேழ்வரகு, விறகு எல்லாம் வீடுகளில் இருந்தன. தண்ணீருக்குத்தான் வழியில்லை. ஊரில் இருந்த ஒரே ஜெனரேட்டர் மைக்செட்காரருடையது. ஆடிக் கிருத்திகைக் காவடியோடு விளக்குக்காகப் போவது. ஊருக்குத் தண்ணீர் தரும் பெரிய டேங்கின் மூன்று பேஸ் மோட்டாரை அது அசைக்காது.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய காலனியில் ஒரு சின்டெக்ஸ் டேங்க் உண்டு. அதன் மோட்டார் சிங்கிள் பேஸ். அதை இந்த ஜெனரேட்டரில் ஓட்டலாம் என்று நான் சொன்னதும் பாவா, அதாவது அக்காவின் கணவர், மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப்போடத் திரும்பிக்கொண்டார். அக்கா தெரு ஆட்கள் அந்தக் குழாயில் ஒரு குடம் பிடித்ததில்லை. காரணத்தை யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். நாங்களும் மைக்செட்காரரும் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனோம்.

மோட்டார் போடுகிற காலனிப் பெண் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"இத்தினி வருசமா வழி தெரியலியா?"

"தெரியும். கேக்கத்தான் மொகம் இல்ல," என்றாள் அக்கா.

"மழ நாள்ல வரிசையில எங்களுக்குப் பின்னாடிதான் நிக்கணும்."

"ஆங், நிக்கிறேன். மாட்டுக்கும் வேணும்."

"அப்ப ஒரு குடம் எந்த மூலைக்கு?" என்று சிரித்துக்கொண்டே மோட்டார் அறையைத் திறந்துவிட்டாள்.

மைக்செட்காரர் மெயினை அணைத்து, ஒயரை மாற்றிப் பொருத்தி, கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் டேங்குக்குள் தண்ணீர் விழும் சத்தம். பாவா ஏணியில் ஏறி உள்ளே எட்டிப்பார்த்தார்.

"ஏறிகினு இருக்குதுடா!"

அவசரத்தில் போனில் எடுத்த வீடியோவில் பாதி என் செருப்புதான் தெரிந்தது. அப்படியே அலுவலருக்கு அனுப்பினேன். மழைக்குத் தங்கும் இடங்களின் பட்டியலில் பள்ளிக்கூடத்தைச் சேர்த்து எழுதுவதாகச் சாயங்காலமே பதில் வந்தது. அன்று நான் திருத்தணிக்குத் திரும்பவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, ஒரு சொட்டு மழை இல்லாதபோதே, அக்கா மாடுகள் இரண்டையும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப்போய், பிள்ளைகள் வருவதற்குள் பின்பக்கம் கட்டிப்பார்த்தாள்.