வரிசையில் வைத்த குடங்கள்

சொந்தத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அம்மா மட்டும் எழுந்து போய்விடுவாள். நான் சபையில் பேசுகிறவள் இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

நெமிலிச்சேரியில் அப்போது எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். விடிவதற்குள் காலிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்துவிடலாம். குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. லாரி வந்ததும் ஓடினால் போதும்.

அம்மா அம்பத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் இருந்தாள். இந்தக் கதை நடந்த அன்றைக்கு ஒருநாள் முழுக்க, ஒரு லைனில் தைக்கிற அத்தனை பேரையும் அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். சரியாகச் செய்தால் சூப்பர்வைசர். வராவிட்டால் அடுத்தவளுக்கு. குடம் வைத்து, சமைத்து, என்னைக் குளிப்பாட்டி, இரண்டு டிபன் பாக்ஸ் கட்டினாள். அப்பாவுக்கு மத்தியான ஷிப்ட். “இன்னிக்கு மட்டும் தண்ணிய நீங்க பாத்துக்கங்க” என்றாள்.

அப்பா பார்த்துக்கொண்டார். அம்மா ஜடை பின்னிக்கொண்டிருக்கும்போது நாலு காலிக் குடங்களோடு உள்ளே வந்தார்.

“தெருவுல போட்டு வெச்சிகீறியே, எவனாவது தூக்கினு பூட்டா இன்னா பண்ணுவ?”

“ஐயோ, அது வரிசைக்கு வெச்சதுங்க!”

“சொன்னியா நீ? சொன்னா செய்ய மாட்டனா?”

நான் பிறந்ததிலிருந்து அதே தெரு, அதே லாரி. அவர் குடத்தைத் தூக்கியபோது வரிசையில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எங்கள் குடம் போனால் அவரவர் குடம் முன்னால் வருமல்லவா.

அம்மா குடங்களோடு ஓடினாள். எதிர் வீட்டு அத்தை கையை நீட்டித் தடுத்தாள். “கடைசில போய் வைம்மா. உன் ஊட்டுக்காரரு தூக்கினு போனா நாங்க இன்னா பண்றது?”

அப்பா வாசலோடு நின்றுகொண்டார். “நீயே நின்னு புட்ச்சிடு. பொம்பளைங்க சண்டையில நான் எப்டி பூர்றது?”

கம்பெனி வேன் முனையில் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்துவிட்டுக் கிளம்பியது. அம்மா பாதி ஜடையோடு கடைசியில் நின்றாள்.

அப்பா தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிப்டுக்கு நேரத்தோடு போனார்.

மத்தியானம் அம்மா தன்னுடையதை அடுப்படியில் உட்கார்ந்து திறந்தாள். அதிலிருந்தே அள்ளிச் சாப்பிட்டாள்.

“ஊட்லதானமா கீற, தட்டுல போட்டுக்கோயேன்” என்றேன்.

“அந்தத் தட்டையும் நாந்தான கழுவணும்?”

ஒரு தட்டுக் கழுவக்கூட இப்படிச் சோம்பலா என்று நினைத்துக்கொண்டு, என் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டு விளையாடப் போனேன்.