முப்பத்தேழில் நின்ற சூடு

இது நடந்தது. நாமக்கல்லில், பரமத்தி ரோட்டில், லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் கடைக்கு மேல்மாடியில் நடந்தது. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மல்லிகைப்பூ வாசத்தோடுதான் வர வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 11.00 மணிக்கு ஆரம்பித்து மதியம் 1.52-க்கு முடிந்தது. நேரம் எழுதிய காகித டேப் இன்னும் இருக்கிறது. நான் பார்த்தேன்.

அந்த மாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவள் அறிவுச்செல்வி. கணவன் சிவக்குமார் ஊர் ஊராகப் போய்ப் பழைய லேப்டாப்புகளை வாங்கி வருவான். அவள் அவற்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் பிராசசரைக் கழற்றி, அதற்கென்றே வரும் மலிவான டெஸ்க்டாப் போர்டில் உட்கார வைப்பாள். லேப்டாப்புக்குள் காற்றில்லாமல் புழுங்கிக் கிடந்த பிராசசர், பெரிய பேன் வைத்த கேபினெட்டுக்கு வந்ததும் துள்ளி ஓடும். கம்பெனி வேகத்தைப் பூட்டி வைக்காத ரகமாக இருந்தால் அதையும் கொஞ்சம் கூட்டி விடுவாள். ஓவர்கிளாக் என்பார்கள். புது சிஸ்டம் வாங்க வழியில்லாத காலேஜ் பிள்ளைகளுக்கு அவள் கடைதான் கதி.

சந்தேகம் அவளுடைய கூடப்பிறப்பு. சந்தையில் நிறுத்து வாங்கிய தக்காளியை வீட்டுக்கு வந்து இன்னொரு தரம் நிறுத்துப் பார்ப்பாள். தொழிலில் அது நல்லதாகவே போயிற்று. எந்த சிஸ்டத்தையும் ஆறு மணி நேரம் முழு வேலை கொடுத்து ஓட்டாமல் வெளியே விடமாட்டாள். கேபினெட்டின் பக்கவாட்டில் வெள்ளைக் காகித டேப் ஒட்டி, அரை மணிக்கு ஒரு தரம் பிராசசரின் சூட்டை மார்க்கரால் எழுதுவாள். வேகம் நாலு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போவதில்லை என்பதும் அவள் வைத்திருந்த கட்டுப்பாடு.

அன்றைக்கு மேசையில் இருந்தது அபிநயா என்ற பெண்ணுக்கான சிஸ்டம். சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்கிப்போக வருவதாகச் சொல்லியிருந்தாள். 11.00-க்குச் சோதனையைப் போட்டுவிட்டு அறிவுச்செல்வி திரையைப் பார்த்தாள். வேலை நூறு சதவீதம். சூடு 37.

எழுபது எண்பது காட்ட வேண்டிய இடம் அது.

"ஏனுங்க, இது எந்த லாட்டுங்க?"

"பெங்களூரு லாட்டுதான் செல்வி."

சிவக்குமார் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். ஏற்கெனவே துடைத்து வைத்த மானிட்டரையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் மனதில் முதல் முள் அப்போது விழுந்தது.

"முப்பத்தேழு காட்டுதுங்க. சென்சார் பொய் சொல்லுது."

"பழசு... அப்படித்தான் இருக்கும்."

11.30. அதே 37. ஒரு புள்ளி ஏறவில்லை, இறங்கவில்லை. அவள் கேபினெட் கதவைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். சென்சார் பொய் சொல்லவில்லை. தகடு மிதமாக, ஒருவருடைய உள்ளங்கையைப் பிடித்தது போல இருந்தது. சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் பேன் சத்தத்தைக் கவனித்தாள். சூடு மாறாவிட்டால் பேன் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். இது ஏறியது, இறங்கியது. ஏறியது... இறங்கியது. கீழே தையல் மெஷின் நின்ற நேரமாகப் பார்த்து, கடிகாரத்தை வைத்து எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினெட்டுத் தரம். மறுபடி எண்ணினாள். பதினெட்டு.

குப்பை பேன் என்று சொல்லிக்கொண்டாள். இவ்வளவு குளிர்ச்சியாக ஓடும் பிராசசரை வேகம் கூட்டிப் பார்த்தால்தான் அதன் வண்டவாளம் தெரியும் என்று தோன்றியது. 11.40-க்கு 3.8 வைத்தாள். 12.00 மணிக்கு டேப்பில் 38 என்று எழுதினாள். 12.10-க்கு நாலு வைத்தாள். 12.30-க்கு 39. ஏறுகிறதே, அப்படியென்றால் வேலை செய்கிறது என்று கொஞ்சம் நிம்மதிகூட வந்தது.

12.40-க்கு சிவக்குமாரின் போன் அடித்தது. எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய், குரலைத் தணித்துப் பேசினான். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"எங்கீங்க கிளம்பறீங்க?"

"ஒரு பார்ட்டி... பார்த்துட்டு வாரேன்."

"சாப்பிட்டுப் போலாமுங்க."

"வந்து சாப்பிட்டுக்கறேன்."

வண்டி கிளம்பும் சத்தம் கேட்டதும் அவள் நேராக மூலையில் இருந்த உடைசல் பெட்டிக்குப் போனாள். கணவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்துவிட்டது. எதற்கு என்று தெரிய வேண்டும். அந்த பிராசசரைக் கழற்றிய லேப்டாப்பின் கூட்டை அடியிலிருந்து இழுத்து எடுத்தாள். மூடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரோ அவசரமாகச் சுரண்டியிருந்தார்கள். பாதி மயில் மிச்சம் இருந்தது. நீலத் தோகை, கழுத்தில் சிவப்புக் கோடு.

அந்த மயிலை அவளுக்குத் தெரியும். நாமக்கல் லாரிகளில் பாதிக்கு மேல் அது ஒட்டியிருக்கும். வரைந்தவன் அன்பரசு.

அன்பரசு இதே கடையில் அவர்களோடு இருந்தவன். சிவக்குமாருக்குத் தம்பி போல. இரண்டு வருடத்துக்கு முன் கடையில் ஒரு நல்ல பிராசசர் காணாமல் போனது. அந்த இடத்தில் செத்த பிராசசர் ஒன்று கிடந்தது. நாலு வாடிக்கையாளர் முன்னால் அவனைப் பார்த்து, "எடுத்தவன் நீதான்" என்றாள் அறிவுச்செல்வி. அவன் "நானில்லீங்கக்கா" என்றான். அவ்வளவுதான். இறங்கிப் போனான். அப்புறம் ஸ்டிக்கர் டிசைன் போட்டுப் பிழைத்தான். அவனோடு பேச்சு வைத்துக்கொள்ளக்கூடாது என்று கணவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

இப்போது அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தாள். ஏமாளியான தன் கணவன் தலையில் அந்தத் திருடன் எதையோ கட்டிவிட்டான். உள்ளே என்னவோ பித்தலாட்டம் பண்ணியிருக்கிறான். அதனால்தான் சூடு காட்டவில்லை. இதை இன்றைக்கே உடைத்துக் காட்ட வேண்டும். சிவக்குமார் வந்ததும், "பாருங்க உங்க தம்பி லட்சணத்தை" என்று செத்த பிராசசரைக் கையில் கொடுக்க வேண்டும்.

12.55. நாலைத் தாண்டினாள். 4.2. வோல்ட்டேஜையும் ஏற்றினாள்.

1.00 மணி. 40.

பேன் சத்தம் மாறியிருந்தது. வேகமாக ஏறியது, பாதியில் இறங்கியது. ஏறியது, இறங்கியது... எண்ணினாள். நிமிடத்துக்கு முப்பத்துநாலு.

தகட்டைப் பார்த்தாள். ஈரம்.

அலுமினியத் தகடுகளின் மேல் பொட்டுப் பொட்டாக நீர். அண்ணாந்து பார்த்தாள். கூரை காய்ந்திருந்தது. ஏசி கிடையாது. தை மாதக் காற்றில் துணியே ஒரு மணி நேரத்தில் உலரும். ஓடுகிற பிராசசரின் மேல் தண்ணீர் எப்படி வரும்?

துணியால் ஒற்றினாள். மறுபடியும் துளிர்த்தது.

அப்போது நிறுத்தியிருக்கலாம். பயந்துவிட்டாள், அது உண்மை. ஆனால் பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

1.20. 4.4.

1.30. 41.

முக்கல் மாதிரி ஒரு சத்தம். பேனிலிருந்துதான். நிச்சயம் பேனிலிருந்துதான்...

1.45. கீழே தையல்காரர் சின்னுசாமி படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"யாருக்கம்மிணி ஒடம்பு சரியில்ல?"

"ஏனுங்க?"

"யாரோ அனத்தற சத்தம் கேட்டுது."

"யாருமில்லீங்க. பேனு."

அவர் அவளையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். இறங்கிப் போனார்.

1.50. சத்தம் நீளமாக ஏறியது. நின்றது. வெகு நேரம் கழித்து இறங்கியது.

1.51. ஏறியது...

1.52.

பேன் நின்றுவிட்டது. கை தானாக அந்த நேரத்தையும் டேப்பில் எழுதியது.

திரை நிற்கவில்லை. சோதனை ஓடிக்கொண்டிருந்தது. வேலை நூறு சதவீதம். பேன் இல்லாமல் ஒரு நிமிடம்கூட அது தாங்கக்கூடாது. கொதித்து அணைய வேண்டும்.

சூடு ஏறவில்லை.

2.52-க்கு 40. 3.52-க்கு 39. மணிக்கு ஒரு டிகிரி. அவள் மேசையை விட்டுத் தள்ளி, கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். ஈரம் துடைத்த துணி காய்ந்து, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அபிநயாவுக்குப் போன் செய்து இன்றைக்கு வர வேண்டாம் என்று சொன்னாள்.

5.40-க்கு சிவக்குமார் வந்தான். கையில் ஒரு பைல். கண் வீங்கியிருந்தது. கோபித்துக்கொள்ள அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

"அன்பரசு போயிட்டான் செல்வி."

அவள் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"சேலத்துல, ஆசுபத்திரில. மஞ்சக்காமாலைன்னு பத்து நாளாப் படுத்திருந்தான். நான் உன்கிட்டச் சொல்லல. நல்லாத்தான் தேறி வந்தான். நாளைக்கு ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. இன்னிக்கு மத்தியானம் திடீர்னு காய்ச்சல். எதனாலன்னு அவிங்களுக்கே தெரியல. ஊசி போடப் போட ஏறுதுன்னு அவன் சம்சாரம் ஜோதி போன்ல அழுதுச்சு. நான் போறதுக்குள்ள..."

அவன் உட்கார்ந்தான். மேசையில் இருந்த சிஸ்டத்தைக் காட்டினான்.

"அது அவனோட லேப்டாப்புல இருந்ததுதான். போன வாரம் பார்க்கப் போனப்பக் குடுத்தான். காசு வேண்டாம்னுட்டான். 'அக்காகிட்டக் குடுத்துருங்ணா. நான் எடுக்கல, ஆனா அன்னிக்குக் காணாமப் போனதுக்கு இது சரியாப் போகட்டும். அக்கா மனசுல அது இருக்க வேண்டாம்'னான். சொன்னா நீ வாங்க மாட்டேன்னு பெங்களூரு லாட்டுன்னேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"இன்சூரன்சுக்கு ஆசுபத்திரிக் காகிதமெல்லாம் ஒரு செட்டு ஜெராக்ஸ் எடுத்துக்குடு சாமி" என்று பைலை நீட்டிவிட்டு, முகம் கழுவப் போனான்.

அவள் ஒவ்வொரு தாளாக மெஷினில் வைத்தாள். நாலாவது தாள் நர்ஸ் எழுதிய காய்ச்சல் சார்ட்டு. அன்றைய தேதி. சூடு பாரன்ஹீட்டில் இருந்தது. 98.6. 98.6. 100.4. 102.2. 104. 105.8. அப்புறம் ஒரு கோடு.

அவள் போனை எடுத்து ஒவ்வொன்றாகச் செல்சியஸுக்கு மாற்றினாள்.

37.

37.

38.

39.

40.

41.

கேபினெட்டிலிருந்த டேப்பை உரித்து வந்து, சார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் கையெழுத்தும் நர்ஸ் கையெழுத்தும் ஒன்றையே சொல்லின. உள்ளே குழாய் மூடும் சத்தம் கேட்டது. சட்டென்று டேப்பை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் எந்த சிஸ்டத்துக்கும் வேகம் கூட்டுவதில்லை. ஏன் என்று சிவக்குமார் பலமுறை கேட்டுவிட்டான். வாடிக்கை போகிறது என்று சண்டைகூடப் போட்டான். அவனிடம் அவள் இதுவரை சொல்லவில்லை. இப்போது அவன்தான் அவளைச் சந்தேகமாகப் பார்க்கிறான்.

அவள் மறைப்பது சூட்டை அல்ல. இரண்டிலும் ஒரே சூடு என்பதை எப்படியாவது தற்செயல் என்று சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பாள். அவள் மறைப்பது நேரத்தை. டேப்பில் 12.00, சார்ட்டில் 12.05. டேப்பில் 1.30, சார்ட்டில் 1.35. டேப்பில் 1.52... சார்ட்டில், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில், 1.57.

ஒவ்வொரு தடவையும் அவள்தான் முதலில் எழுதியிருந்தாள்.