அடுத்து யாரைக் கூப்பிடப் போறீங்க?

போன வாரம் ஆதார் நகல் எடுக்க மதுரை காளவாசலில் ஒரு கடைக்குப் போனேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் ஏசிக் குளிர், பிளைவுட், யாரோ கழற்றாமல் வந்த சாக்ஸ், அதை மறைக்க அடித்த மல்லிகை ஸ்ப்ரே, எல்லாம் சேர்ந்த ஒரு வாடை முகத்தில் மோதியது. உங்களுக்கு அது நாற்றம். எனக்கு அது இலக்கியம். என் எழுத்து வாழ்க்கை இதே வாடையில், இதே சாலையில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில்தான் ஆரம்பித்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். மகளை யூகேஜியில் விட்டுவிட்டு, அவள் உள்ளே அழுகிறாளோ என்று நான் வெளியே நின்று அழுத காலம். எம்.எஸ்ஸி. படித்திருந்தேன், பருப்பு வெந்துவிட்டதா என்பதைத் தவிர வேறெதையும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. சென்டரை நடத்தியவர் முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரிசல்ட் பாக்கவாக்கா?"

"இல்லண்ணே, எழுத."

"என்னத்த?"

ஒரு மணி நேரக் காசை மேஜையில் வைத்தேன்.

என் வலைப்பதிவில் முதல் பதிவு, மகள் பள்ளிக்குப் போகப் பயப்படுவதைப் பற்றி. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைக்க வேண்டும். பெரிய எல்லுக்குப் பதில் சின்ன எல்லைத் தட்டியதில், 'என் மகள் பல்லிக்குப் பயப்படுகிறாள்' என்று வெளியாகிவிட்டது. பல்லியை விரட்ட ஏழு பேர் கீழே பின்னூட்டத்தில் வழி சொல்லியிருந்தார்கள். முட்டை ஓடு, மயிலிறகு. ஏழு பேர்! வீட்டில் நான் பேசினால் டேபிள் ஃபேன்கூட என் பக்கம் திரும்பாது. அந்தச் சந்தோஷத்திலேயே ஆறு மாதம் பறந்தேன்.

பிறகு வீட்டுக்கே இணைப்பு வந்தது. கூடவே கடமையும் வந்தது. அப்போது எல்லோருடைய வலைப்பதிவுகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் திரட்டிகள் இருந்தன, ஞாபகமிருக்கிறதா? அதில் கண்ணில் பட வேண்டுமென்றால் தினம் எழுத வேண்டும். பின்னூட்டம் போட்டவர்களுக்கெல்லாம் 'வருகைக்கு நன்றி' சொல்ல வேண்டும். அவர்கள் பக்கத்துக்கும் போய் நாலு வார்த்தை பாராட்டிவிட்டு வர வேண்டும். நானோ கொடுத்த வீட்டுப்பாடத்தைக் கோடு போட்டு முடிக்கிற ரகம். ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் மவுஸ்.

"இன்னைக்கு எம்புட்டுப் பேரு வந்தாங்க? காபி கலக்கணுமா?" என்பார் என் வீட்டுக்காரர், வருகை எண்ணிக்கையை எட்டிப் பார்த்து.

பெயர் சொல்லாத ஒருவர், 'பிள்ளையைப் பார்க்காமல் இங்கே என்னம்மா வேலை?' என்று எழுதியிருந்தார். அவருக்கும் 'வருகைக்கு நன்றி, தொடர்ந்து வாருங்கள்' என்று பதில் போட்டேன். பழக்கதோஷம். அவரும் தொடர்ந்து வந்தார்.

அந்த நாட்களில் தொடர் பதிவு என்றொரு வழக்கம். ஒருவர் ஒரு தலைப்பில் எழுதி, அதே தலைப்பில் எழுத நான்கு பேரைக் கூப்பிட்டு முடிப்பார். அந்த மாதத் தலைப்பு 'அம்மா'. திருமங்கலத்தில் மிஷன் பள்ளி டீச்சராக இருந்த எஸ்தர் என் பதிவுத் தோழி. வயதிலும் கவலையிலும் எனக்குச் சமம். ஒரு காலை அவள் பக்கத்தில் 'அம்மா' என்ற தலைப்பைப் பார்த்தேன். அடுப்பில் பால். இன்னும் பதினோரு பேர் பக்கத்துக்குப் போக வேண்டும். படிக்கவில்லை. 'கலக்கல் எஸ்தர்! அடுத்து யாரைக் கூப்பிடப் போறீங்க?' என்று தட்டிவிட்டுப் போய்ப் பாலை இறக்கினேன்.

அது தொடர் பதிவு இல்லை. அவள் அம்மா முந்தின நாள் இறந்திருந்தார்.

மதியத்துக்குள் என் பின்னூட்டத்தைப் படம் பிடித்து மூன்று பேர் பதிவு போட்டுவிட்டார்கள். 'எமனின் காரியதரிசி' என்று ஒருவர் பட்டமும் கொடுத்தார். நல்ல வரிதான். அந்தப் பின்னூட்டத்தை அழித்தேன். மன்னிப்புக் கடிதம் எழுதி, மூன்று தடவை திருத்தி, அனுப்பாமல் விட்டேன். நான் இவ்வளவு நாள் எழுதினேனா, வெறும் வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேனா என்று யோசித்தேன். கிடைத்த பதில் பிடிக்கவில்லை. வலைப்பதிவைப் பூட்டி, கம்ப்யூட்டர் மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, மகளை இழுத்துக்கொண்டு திருமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். பள்ளியில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்த எஸ்தர் கண்ணைச் சுருக்கினாள். அதுவரை நேரில் பார்த்ததில்லை.

"நான்... அந்தக் கமெண்ட்..."

"ஓ, 'அடுத்து யாரு' நீங்கதானா? வாங்க, உள்ள வாங்க. எங்கப்பாவுக்கு எழுவத்தெட்டு. உங்க பேரக் கேட்டாலே ஜெபம் பண்ண ஆரம்பிச்சுடுறாரு."

நான் அழுதுவிட்டேன். அவள் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"நீ மட்டுமா பண்ணுன? உனக்கு மேல ஒருத்தன், மொத கமெண்ட்டு அவனோடதாம், 'மீ த ஃபர்ஸ்ட்டு'ன்னு போட்டிருந்தான். சாவு விழுந்த துட்டி வீட்டுல என்னத்தடி ஃபர்ஸ்ட்டு?" சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது; சட்டென்று நிறுத்தினாள். "ஆனா வலிச்சுது. நீ படிப்பேன்னு நெனச்சுத்தான் எழுதுனேன்."

"இப்பப் படிக்கிறேன்" என்றேன். அந்தப் பதிவை முதலில் எழுதிப் பார்த்த நோட்டைக் கொண்டு வந்து கொடுத்தாள். அவள் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். முடித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் போட்ட ஒரே ஒழுங்கான பின்னூட்டம் அதுதான்.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அந்த அத்தை ஏம்மா சிரிச்சுக்கிட்டே அழுதாங்க?"

வீட்டுக்கு வந்ததும் துண்டை எடுத்துவிட்டு அந்தக் கேள்வியை எழுதினேன். புதுப் பக்கம். திரட்டியில் சேர்க்கவில்லை, பின்னூட்டப் பெட்டி கிடையாது, முகவரி எஸ்தருக்கு மட்டும். விரல் அது பாட்டுக்கு ஓடியது. பருப்பு அடிப்பிடித்தது. பிரமாதமாக இருந்தது.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. படித்துவிட்டால் ஒரு மிஸ்டு கால். சிரித்திருந்தால் இரண்டு. மூன்று வந்தால் எழுத்துப்பிழை. போன் ஒரு தடவை அடித்து ஓய்ந்ததும், அடுத்ததற்காகக் கரண்டியும் கையுமாக நிற்பேன். ஆயிரம் பேர் வந்து போனபோது எனக்கு அந்தப் படபடப்பு வந்ததில்லை.

திரட்டிகள் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. 'எமனின் காரியதரிசி' எழுதியவர் எங்கே போனாரோ, அத்தனை திறமையோடு. போன் பேச்சு இலவசமானதும் மிஸ்டு கால் ஒழிந்தது. யாரும் பேசுவதும் இல்லை. நான் இன்னும் எழுதுகிறேன். எஸ்தருக்கு அனுப்பினால் அரை நிமிடத்தில் ஒரு கட்டைவிரல் படம் வந்து விழுகிறது. அரை நிமிடத்தில் அவ்வளவையும் படித்தாயா என்று அவளைக் கேட்க, மதுரை ஜில்லாவிலேயே தகுதியில்லாத ஒரே ஆள் நான்.